நிறைந்து வந்த சட்டி

முப்பது குடும்பம்கூடத் தேறாத ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபை இருந்தது. வருஷத்துக்கு ஒருநாள் அங்கே அசனம் நடக்கும்; சபையார் எல்லாரும் கோயில் வளாகத்திலேயே சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வீடு பாத்திரங்கள் கிளம்பி வரும்.

அந்த வருஷம் புதிதாக ஒரு சட்டி வந்தது. கனத்த அடி, கண்ணாடி மூடி, முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் வீடு வாங்கிக் குடிவந்த திர்சாவின் சட்டி அது.

குடிவந்து ஏழு மாசமாகியும் சட்டி பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள்தான் கிடந்தது. இரண்டு பேருக்குச் சமைக்க அத்தனை பெரிய சட்டி எதற்கு? அசனத்துக்காகத்தான் வெளியே எடுத்தாள். புறப்படும்போது கணவரிடம் அவள் சொன்னது அதன் காதில் விழுந்தது.

"இன்னிக்கும் விருந்தாளி மாதிரி சேர் போட்டு உட்கார வச்சாங்கன்னா, அடுத்த வாரத்திலேருந்து டவுன் கோயிலுக்கே போயிடலாம். அங்க யாரையும் யாருக்கும் தெரியாது. வருத்தமும் இல்லை."

அப்படியானால் தனக்கு மறுபடி அட்டைப்பெட்டிதான் என்று சட்டிக்குப் புரிந்துபோயிற்று.

வேப்பமரத்தடியில் கல் கூட்டி அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. திர்சா சட்டியைக் கொண்டுவந்து இறக்கினாள். உள்ளே கழுத்து வரை மக்ரோனி.

சாம்பார் வாளிதான் முதலில் பார்த்தது. "என்ன தாயி, சாப்பாட்டோட வந்திருக்க? நாங்க போடமாட்டோம்னு சந்தேகமாக்கும்?" கரண்டிகளெல்லாம் கலகலவென்று சிரித்தன.

சட்டிக்கு மூடி வியர்த்துவிட்டது. தான் இருந்த ஊர்ச் சபையில் அவரவர் வீட்டில் சமைத்து ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவதுதான் வழக்கம், வெறுமையாக வருவது மரியாதையில்லை என்று அது மெல்லச் சொல்லிப் பார்த்தது.

உடம்பெல்லாம் நசுங்கல் விழுந்த அண்டா அடுப்பிலிருந்தபடியே பதில் சொன்னது. "இங்க வெறுமையா வந்தாத்தாம் வேலை. நீ நிறைஞ்சு வந்தா நாங்க எதைப் போட?"

அடுப்படிப் பொறுப்பு கனகமணியுடையது. அவள் வந்து மூடியைத் திறந்து முகர்ந்தாள், வாசனை பிரமாதம் என்றாள். பிறகு இரண்டு கையாலும் பதமாகத் தூக்கிப்போய், வராந்தாவில் ஒரு மேசைமேல் வைத்து, வெள்ளைத்துணி போட்டு மூடினாள். பக்கத்திலேயே திர்சாவுக்கு ஒரு சேர் வந்தது. வெயிலில் நிற்க வேண்டாம், உட்காருங்கம்மா என்றாள்.

துணிக்குள் இருந்தபடி சட்டி கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே மற்றப் பாத்திரங்களை இழுத்தார்கள், தட்டினார்கள், காலால் நகர்த்தினார்கள், சனியனே என்றுகூடத் திட்டினார்கள். ஒரு திட்டுக்காக ஏங்க வேண்டிவரும் என்று சட்டி நினைத்ததே இல்லை.

திர்சா கைப்பையைத் திறந்து வண்டிச் சாவியை எடுத்தாள். பார்த்துவிட்டு உள்ளே போட்டாள். கொஞ்சநேரத்தில் மறுபடி எடுத்தாள்.

அப்போதுதான் ரசப்பானையின் அடி விட்டுப்போயிற்று. பழைய அலுமினியப்பானை. ரசம் ஒழுகிப் பாதி அடுப்பு அணைந்தது. பந்தி போட அரைமணிநேரம்கூட இல்லை; மற்றப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று வெந்துகொண்டிருந்தது.

கனகமணி ஓடிவந்து வெள்ளைத்துணியை உருவினாள். யாரிடமும் கேட்கவில்லை. தலைவாழை இலை ஒன்றை விரித்து மக்ரோனி முழுவதையும் அதில் கவிழ்த்தாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஜெபத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அதிகாலையிலிருந்து சுமந்தது கண்மூடித் திறப்பதற்குள் காலி.

"ஏ திர்சா, பாத்துக்கிட்டே நிக்கியே," என்றாள் கனகமணி. "வெளிப்பக்கம் மண்ணைக் குழைச்சுப் பூசு. கரி ஏறிட்டா பொறவு நீதாம் கிடந்து தேய்க்கணும்."

திர்சா சேலையைத் தூக்கிச் செருகினாள். இரண்டு உள்ளங்கையாலும் ஈரமண்ணை அள்ளிச் சட்டியின் பளபளப்பெல்லாம் மறையப் பூசினாள். முழங்கை வரை மண்.

அடுப்பில் ஏறியதும் அண்டா எட்டிக் கேட்டது. "சுடுதா?"

"சுடுது."

"சுடத்தாம் செய்யும். கொதி வரட்டும், அதை நினைக்க நேரமிருக்காது."

அது சரியாகத்தான் இருந்தது. புளியும் மிளகும் பூண்டும் உள்ளே புரள ஆரம்பித்தபின் சட்டிக்கு எதையும் யோசிக்க முடியவில்லை. கனகமணியின் கணவர் செல்லத்துரை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். "சட்டி வெளிநாடு, புளி நம்மூரு. உப்பு எந்த நாட்டுதுன்னு தெரியல, கடல் தண்ணிய அப்படியே கொட்டிருக்கு." உப்புப் போட்டது திர்சா. எல்லாரும் சிரிக்க, அவளும் சிரித்தபடியே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

பந்தி முடிந்து சட்டியைத் தேடினாள். கழுவும் கல்லின்மேல் கண்ணாடி மூடி மட்டும் கிடந்தது.

கனகமணி தேய்த்துக்கொண்டிருந்த தவலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாக்கியநாதன் பெரியப்பா படுத்த படுக்கையால்லா கெடக்காரு. அவுக வீட்டுக்குச் சோறு அதுலதாம் போயிருக்கு. ஏன், உங்கிட்ட கேட்டுட்டுத்தாம் எடுக்கணுமாக்கும்?"

"வேண்டாம்க்கா," என்றாள் திர்சா. பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த தவலையை இழுத்துக்கொண்டாள்.

அந்நேரம் சட்டி ஒரு மொபெட்டின் பின்னால், யாரோ ஒருவர் மடியில், யார் வீட்டுத் தட்டையோ மூடியாகப் போட்டுக்கொண்டு, காய்ந்த மண் பொருபொருவென்று உதிர, தெரியாத ஒரு சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. எந்த வீடு, எப்போது திரும்புவோம் என்று அதற்கு ஒன்றும் தெரியாது. கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும், அதுபோதும் என்றிருந்தது.