சீயக்காய் நுரையில் சிக்கிய பெட்டி

சத்தியம்! சத்தியம்! இன்னொரு தடவையும் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் மீசை உதிர்ந்து நாளைய சாம்பாரில் விழட்டும்.

குருவிக்கோட்டையை ஆண்ட உத்தண்டராயருக்குப் பட்டத்து யானையும் இருந்தது, வெப்சைட்டும் இருந்தது. யானையின் முதுகில்தான் டவர். யானை தும்மினால் ஊருக்கே நெட் போய்விடும். சிரிக்காதீர்கள், மீசையைப் பணயம் வைத்துச் சொல்கிறேன்.

ஒருநாள் பிரதானி கெஜராயர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். மரப்பெட்டி இல்லை, திரையில் தெரியும் பெட்டி. அரண்மனை, சந்தை, கோயில் என்று யாருடைய வெப்சைட்டில் வேண்டுமானாலும் சொருகிவிடலாம். யாருக்கு என்ன வேண்டுமோ அதில் பதிவு செய்துகொள்ளலாம். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே தண்டோரா போட்டார்: "இனிமேல் இந்தப் பெட்டியில் பதிவாகாத வேலையை எவனும் செய்யக்கூடாது. மீறினால் கசையடி!"

அரண்மனை வாசலில் பூ விற்பவள் பூங்காவனம். அவளுக்குக் கண் தெரியாது. தீபாவளிச் சாயங்காலத்துக்குள் கடையிடத்தைப் பெட்டியில் பதியாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் யார் என்கிறீர்கள்? பிரதானியின் மைத்துனர்!

பூங்காவனத்தின் போன் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். ஊர் வம்பையெல்லாம் கடகடவென்று படிக்கிற போன், பெட்டிக்குள் நுழைந்ததும் திக்கியது: "பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான்."

சபையில் ராஜாவுக்கு வேடிக்கை பேசும் செங்கோடனிடம் அவள் போனை நீட்டினாள். "எந்தப் பொத்தான் எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குதே சாமி! ஊமையா என்ன இந்தப் பெட்டி?"

செங்கோடன் சபையில் விஷயத்தைப் போட்டு உடைத்தான். பிரதானி சிரித்தார்.

"அதுக்குத்தான் பெட்டிக்கு மேலே சக்கர நாற்காலி படம் போட்டு ஒரு தனிப் பொத்தான் ஒட்டியிருக்கேனே! அமுக்கினா எழுத்து பெரிசாகும்."

"எவ்வளவு பெரிசு?"

"பூசணிக்காய் பெரிசு!"

"கண் தெரியாதவளுக்குப் பூசணிக்காய் என்ன, கடுகு என்ன, பிரதானியாரே? மேலே ஒட்டுப் போட்டா ஆச்சா? பெட்டியையே அல்லவா பேசப் பழக்கணும்!"

ராஜா குறுக்கிட்டார். "எனக்கு நல்லாத்தானே வேலை செய்யுது? சரி, பந்தயம். நல்ல கண்ணும் நல்ல கையும் உள்ள ஒருத்தன் இந்தப் பெட்டிகிட்ட தோத்தான்னு காட்டு, மாத்தறேன். தீபாவளி வரைக்கும் டைம்."

"காட்டலைன்னா?"

"பூக்காரி கிளம்ப வேண்டியதுதான். நீயும் அவள் கூடையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே போ!"

தீபாவளி விடிந்தது. ராஜாவின் தலையில் ஒரு குடம் நல்லெண்ணெய். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வழவழா. அதற்கு மேல் சீயக்காய். இரண்டு கண்ணும் இறுக மூடியாயிற்று.

"வெந்நீர்!"

வரவில்லை. வெளியே வெந்நீர்க்காரன் அண்டா மூடிமேல் உட்கார்ந்திருந்தான். செங்கோடன் அவன் காதில் ஏற்கெனவே ஏதோ ஓதியிருந்தான்.

"மகாராஜா, பெட்டியில பதிவு வரலையே!"

"அடேய், எனக்குக் கண் எரியுதுடா!"

"வெந்நீர் கொடுத்தா எனக்கு முதுகு எரியுமே, மகாராஜா! கசையடின்னு உத்தரவு போட்டதே நீங்கதானே!"

கதவிடுக்கு வழியாக ஒரு போன் உள்ளே நீண்டது. "இந்தாங்க மகாராஜா," என்றது செங்கோடன் குரல். "பெட்டியைத் திறந்து வச்சிருக்கேன். வாய்விட்டுப் படிக்கும்."

ராஜாவின் கையில் போன் கெளுத்தி மீன் மாதிரி வழுக்கியது.

"பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான்."

"எதுடா வெந்நீர்?" குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினார்.

"எழுத்து பெரிதாக்கப்பட்டது."

"கண்ணையே திறக்க முடியலை, எழுத்து பெரிசானா எனக்கென்ன!" இன்னொரு குத்து.

"நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, யானை உள்ள படங்களைத் தொடவும். படம். படம். படம்."

"நான் ராஜாடா!"

"ராஜாவான்னு அது கேக்கலையே, மகாராஜா," என்றான் செங்கோடன். "மனுஷனான்னுதான் கேக்குது."

ராஜா கண்டபடி தடவினார். வெளியே ஒரே ஆரவாரம்.

"மகாராஜா, பதிவு வந்துடுச்சு!"

"வெந்நீர்தானே?"

"இல்லீங்க. நாதஸ்வரம்!"

கதவுக்கு வெளியே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. ராஜா தாளத்துக்கு ஏற்றபடி குதித்தார்; எரிச்சலில்தான்.

"செங்கோடா! எங்கேடா இருக்கே?"

"இங்கேதான், மகாராஜா. நல்ல கண்ணும் நல்ல கையும் இருந்தும் பெட்டிகிட்ட தோத்த ஆளைத் தேடிக்கிட்டிருந்தேன்."

"இப்ப எதுக்குடா அது?"

"ஆள் கிடைச்சுட்டார். உள்ளேதான் குளிச்சுக்கிட்டிருக்கார்."

நாதஸ்வரம் நின்றது. உள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள்! நுரை வாய்க்குள் போயும் நிற்காத சிரிப்பு.

"தோத்தேன்டா! உத்தரவு ரத்து! வெந்நீர் கொண்டா!"

தலை காய்வதற்குள் பெட்டி செய்தவர்களைக் கூப்பிட்டார் ராஜா. "ஒட்டுப் பொத்தானைப் பிடுங்கு. ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரைத் தானே சொல்லணும். விரலால அமுக்க முடியாதவனுக்குக் குரலே போதும்னு இருக்கணும். யானைப் படத்தைத் தூக்கி எறி. எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். எந்த ஊர் வெப்சைட்டில் சொருகினாலும் கூடவே போகணும்!"

சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்னால் பூங்காவனத்தின் போன் பளிச்சென்று சொன்னது: "கடையிடம் பதிவாகிவிட்டது." செங்கோடனுக்குப் பட்டு வேட்டியும், பூங்காவனம் கட்டிய முழம் போடாத மல்லிகைச் சரமும் கிடைத்தன.

பிரதானிக்கா? அவரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும், பழைய பெட்டி வழியாகத்தான் வெந்நீர் கேட்க வேண்டும் என்று ராஜா உத்தரவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கெஜராயர் வீட்டுப் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். உங்களை நம்பித்தான் மீசையைப் பணயம் வைத்து வாயைத் திறந்தேன்.