மூன்று மெஷினும் ஒரு சக்கர நாற்காலியும்

ஆஸ்பத்திரிச் சாமான் எது எங்கே இருக்கிறதென்று கம்ப்யூட்டரில் காட்டும் மெஷினை விற்க மூன்று கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். சோதனைக்காகப் போன வாரமே ஒவ்வொரு சக்கர நாற்காலியிலும் மூவரும் இருக்குமிடத்தைச் சொல்லும் தங்கள் வில்லையை ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு நாற்காலியைக் காணவில்லை.

விசாரணை என்றால் டீன் குலசேகரனுக்குச் சர்க்கரைப் பொங்கல். வார்டு உதவியாளர் சிலுவைமுத்துவை அவர்கள் முன்னாலேயே பிடித்துக்கொண்டார்.

"யோவ், எங்கய்யா வித்தே? இப்பவே நாற்காலி வரணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"எங்கண்ணுக்குத் தட்டுப்படலே ஐயா. இவங்க மெஷினுக்குத் தட்டுப்படும்லா? கண்டுபிடிக்கிறவங்களுக்கே ஆர்டரைக் குடுத்திருங்க."

டீனுக்கு அது பிடித்துப்போயிற்று.

முதலாமவர் லேப்டாப்பில் ஆவலாகத் தட்டினார். திரையைப் பார்த்தார், டீனைப் பார்த்தார், அதை மூடினார். "மெஷின்ல ஏதோ கோளாறு சார்."

"எங்களுதும் சரியில்லே சார்" என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் யாரும் கேட்காமலே மன்னிப்புக் கேட்டார்.

"என்னய்யா, மூணும் டப்பாவா?"

"கோளாறுன்னா ஆளுக்கொரு இடத்தையில்லா காட்டும்?" என்றார் சிலுவைமுத்து. "மறுபடி திறக்கச் சொல்லுங்க ஐயா."

திறந்தார்கள். மூன்று திரையிலும் புள்ளி டீனின் குடியிருப்பில் நின்றது. டீன் வீட்டுக்குப் போன் போட்டார்.

"அம்மாவுக்கு முட்டிவலின்னு டிரைவரை விட்டு எடுத்துவரச் சொன்னேன். இப்ப என்ன அதுக்கு?" மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

சிலுவைமுத்து கைகட்டி நின்றார். "போய் எடுத்துட்டு வந்திருதேன் ஐயா. உங்க மாமியார் அதுலேருந்து எந்திரிக்கிற வரைக்குமாவது நான் வேலையில இருக்கலாம்லா?"

அவர் வேலை தப்பித்தது. ஆர்டர்தான் யாருக்கும் போகவில்லை.