தாளம் போடத் தடை

மலையடிக் காட்டில் ஓடையோரமாக ஒரு கிழட்டு மருதமரம் நின்றது. அதன் அடிமரத்தில் நாலு காட்டெருமை படுத்துப் புரளும் அளவுக்குப் பெரிய பொந்து. அந்தப் பொந்துதான் காட்டின் பாட்டு நாடக அரங்கம். உள்ளே ஒரு பூங்குருவி மெல்ல இழுத்துப் பாடினால் போதும், அக்கரையில் மேயும் மான்கூடக் காதை நிமிர்த்தும்!

அரங்கத்தின் காரியதரிசி ஒரு மலையணிலார். அந்த அரங்கம்தான் அவருக்கு உயிர். அதே மரத்தின் உச்சிக் கிளையில் அவருடைய கூடு. கூட்டுக்குள் அவருடைய ஒரே குட்டி.

ஒருநாள் நாடகம் முடிந்ததும் முன்வரிசை மயில் தோகையைச் சிலுப்பிக்கொண்டு வந்தது.

"என்ன காரியதரிசி, இது அரங்கமா, சந்தையா? அந்த மரங்கொத்தி சுவரில் உட்கார்ந்து டொக் டொக்குன்னு தாளம் போடறான்! அதுவும் தப்புத் தாளம்! அந்த மந்தி இருக்காளே, சோகக் கட்டத்தில் 'ஐயோ பாவம்'னு கத்தறா!"

அணிலாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிக்கணும். நாளையிலிருந்து அவங்க யாரும் உள்ளே வர மாட்டாங்க!" என்றார்.

மறுநாள் வாசலில் ஒரு முள்ளம்பன்றி காவலுக்கு நின்றது. மரங்கொத்தி கெஞ்சிப் பார்த்தது. "ஐயா, பாட்டு கேட்டா என் அலகு சும்மா இருக்க மாட்டேங்குது. ஓரமா உட்கார்ந்துக்கறேனே!"

"ஓரத்துக்கும் ஒரு தகுதி வேணும்! போ, போ!" என்று முள்ளம்பன்றி விரட்டியது.

மரங்கொத்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பறந்துபோனது. மந்தி மட்டும் விடவில்லை. எதிரே இருந்த நாவல் மரத்தில் ஏறி, அங்கிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டது.

அரங்கம் அமைதியானது. அணிலாருக்குத் தலைகால் புரியவில்லை. நாடகத்துக்கு நாடகம் புது மேடை வேண்டும் என்றார். ஒரு நாடகத்துக்கு மூங்கில் காடு, அடுத்ததற்குத் தேக்கு அரண்மனை. பச்சை மரமாக வெட்டி வருவார்கள். ஆட்டம் முடிந்ததும் அத்தனையையும் மருதமரத்தின் பின்னால் எறிவார்கள்.

"போன மேடையையே திருப்பிப் போட்டா என்ன?" என்று பூங்குருவி ஒருமுறை கேட்டது.

"பழசைக் காட்டினா முன்வரிசை முகம் சுளிக்கும்மா! நீ பாடு, மத்ததை நான் பார்த்துக்கறேன்!"

பின்னால் குப்பை மலையாகக் குவிந்தது. அது மக்கியது. வண்டுகள் வந்து முட்டையிட்டன. அங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? எல்லோருடைய பார்வையும் மேடையில் அல்லவா இருந்தது!

ஒரு மழைக்காலம் போய் மறு மழைக்காலமும் வந்தது. அன்று பெரிய நாடகம். பூங்குருவி உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தியது. அப்போது கூரையிலிருந்து பொன்னிறப் பொடி மெல்ல மெல்ல உதிர்ந்தது.

"ஆகா! பொன்மழை!" என்று மயில் கொண்டாடியது. முன்வரிசையே கைதட்டியது.

அணிலாரும் தலையை ஆட்டிக்கொண்டார். நாம் ஏற்பாடு செய்யாத பொன்மழையாக இருக்கிறதே என்று யோசித்தபடி மூக்கில் விழுந்த பொடியை நக்கினார். மரத்தூள்! பொத்தென்று அவர் தலையில் ஏதோ விழுந்து நெளிந்தது. கொழுத்த வெள்ளைப் புழு! பதறிப்போய்ச் சுவரில் கை வைத்தார். கை உள்ளே போய்விட்டது.

"ஓடுங்க! எல்லாரும் வெளியே ஓடுங்க!"

விழுந்தடித்துக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். வெளியே வந்த பிறகுதான் அணிலாருக்கு உறைத்தது. "ஐயோ, என் குட்டி!" மரம் மடமடவென்று சாயத் தொடங்கியது.

நாவல் மரத்திலிருந்து ஓர் உருவம் பாய்ந்தது. மந்தி! சாய்கிற கிளையில் குதித்து, கூட்டுக்குள் கைவிட்டு, குட்டியை வாரி மார்போடு அணைத்துத் தாவியது. அடுத்த கணம் காடே அதிர மருதமரம் தரையில் விழுந்தது. உள்ளே பார்த்தால் கட்டை எங்கே இருக்கிறது? எல்லாம் தூளும் புழுவும்!

அணிலார் குட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டார். மரம் விழுந்த சத்தம் கேட்டு மரங்கொத்தியும் பறந்து வந்தது.

"இத்தனை புழு இதுக்குள்ள இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று அணிலார் அதனிடம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? தாளம் போட்டேன். தட்டின இடத்துல புழு வந்துச்சு, தின்னேன். நல்ல பாட்டு, கூடவே நல்ல பலகாரம்னு நினைச்சேன். நீங்கதான் என்னை வெளியே தள்ளிட்டீங்களே!"

அப்படி ஒரு பொந்து அந்தக் காட்டில் வேறு இல்லை. இப்போது நாவல் மரத்தடியில், விழுந்த மருதத்தின் பட்டைகளையே மேடையாக அடுக்கி நாடகம் நடக்கிறது. மரங்கொத்தி முன்வரிசையில் உட்கார்ந்து தப்புத் தாளம் போடுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் அணிலாருக்கு உடம்பு கூசுகிறது. ஆனாலும் வாயைத் திறப்பதில்லை.

நாம் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோமோ, அவர்கள் தயவில்தான் நம் கூரை நிற்கிறது என்பதை அது விழுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.