வாசலைக் கடந்த குண்டு

"காலேஜ் வாசல்ல நடந்து வர்ற எங்க பையை மட்டும் ஏன் சார் குடையுறாங்க?"

காவல் நிர்வாகம் படிக்கும் அஞ்சலை வகுப்பில் கேட்டாள். கேள்வி கேட்டால் அதிகாரத்துக்குப் பொறுக்குமா? பாடம் நடத்திய, கல்லூரிக் காவலுக்கும் பொறுப்பான ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. வீரபத்திரனுக்கு மீசை துடித்தது.

"என் காவலையே குறை சொல்றியா? பாடத்துக்கு வெச்சிருக்கிற இந்தப் போலி வெடிகுண்டை எடுத்துட்டுப் போய், நாளைக்கு வாசலைத் தாண்டி உள்ளே கொண்டு வா. முடியலைன்னா படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போ!"

மறுநாள் வாசலில் காவலாளிகள் அவளைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். வெறுங்கையோடு வகுப்புக்கு வந்தாள்.

"என்னம்மா, தோத்தியா?"

"குண்டு உங்க கார் பின்சீட்டுக்கு அடியில இருக்கு சார். நீங்க டீக்கடையில இறங்கினப்போ வெச்சேன். வாசல்ல சல்யூட் அடிச்சு உள்ளே விட்டாங்க."

மாணவர்கள் ஓடிப்போய் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்கள்.

வீரபத்திரன் கத்தினார்: "என் வண்டியைச் சோதிக்க எவனுக்குடா தைரியம் இருக்கு?"

"அதைத்தான் சார் நானும் கேட்டேன்."