மாத்திரைக்கு எல்லை வகுத்த யானை

நெடுங்கரை நாட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழைக்காலத்தில் வரும் நடுக்கக் காய்ச்சலுக்கு மட்டும் எவரிடமும் மருந்தில்லை. வெண்காடர் என்ற பண்டிதர் பத்து வருஷம் வேர் வேராக அரைத்து, காய்ச்சி, கடைசியில் அதற்கு ஒரு மாத்திரை கண்டுபிடித்தார். மனிதர் பாடுபட்டதை யாரும் மறுக்க முடியாது. அரசர் சேந்தராயருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருபது வருஷத்துக்கு வெண்காடரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது என்று செப்பேடு கொடுத்துவிட்டார். அதை எழுதியவன் அரசவை ஓலைக்காரன் ஐயாறன்.

செப்பேடு கைக்கு வந்ததும் விலை ஏறியது. நாளுக்கு ஒன்றாக ஏழு நாள் சாப்பிட வேண்டிய ஏழு மாத்திரைக்கு ஒரு உழவு மாடு. அரண்மனையை ஒட்டிய மூன்று தெருக்காரர்கள் வாங்கினார்கள், பிழைத்தார்கள். மற்றவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள்.

அந்த வருஷம் காய்ச்சல் உப்பளத்துக் குடிசைகளில் புகுந்தது. அங்கிருந்து நாச்சி என்ற பெண் சேறும் சகதியுமாக நடந்து சபைக்கு வந்து நின்றாள்.

"அறுபது பேர் படுத்துக் கெடக்காங்க, ராசா. எம் புருசனும் அதுல ஒருத்தர். நாலு பேரைப் புதைச்சிட்டுத்தான் வாரேன். எங்க பக்கத்து வைத்தியருக்கு அதே மாத்திரை செய்யத் தெரியும். எங்களால முடிஞ்சதைக் குடுத்தாப் போதுங்கிறாரு. ஆனா செப்பேட்டுக்குப் பயப்படுறாரு."

பயப்படத்தான் வேண்டும் என்றார் வெண்காடர். என் பத்து வருஷ உழைப்பை எவனோ பத்து நாழிகையில் உருட்டி விற்றால், நாளைக்கு யார் புது மருந்து தேடுவான் என்று கேட்டார். அரசருக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத அரசர்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். வேறொருவன் தலையில் கட்டினார்.

"ஐயாறா, என் வாக்கும் தவறக்கூடாது. உப்பளத்தில் இனி ஒரு உயிரும் போகக்கூடாது. நாளை உச்சிவேளைக்குள் வழி சொல். இல்லையென்றால் அடுத்த குழியை நீயே போய் வெட்டு."

ஐயாறன் செப்பேட்டின் படியை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தான். பாதி வாசித்ததும் தலையில் அடித்துக்கொண்டான். அந்த நாட்டில் அதுவரை நிலத்துக்குத்தான் செப்பேடு கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்குக் கொடுத்ததே இல்லை. ஓலைக்காரர்களின் பழக்கப்படி அவனும் பழைய நிலப் பட்டயத்தை எதிரே வைத்து, நிலத்தின் பெயர் இருந்த இடத்தில் மாத்திரையின் பெயரைப் போட்டு, மீதியை அப்படியே எழுதித் தள்ளியிருந்தான். கல்லும் கள்ளியும் நட்டு, பெண்யானையை அதைச் சுற்றி நடத்தி, அது நடந்த தடத்தை எல்லையாகக் கொண்ட பிறகே இவ்வுரிமை செல்லும் என்று மாத்திரைக்கு எழுதியிருந்தது. கீழே அரச முத்திரையும் பளபளத்தது.

முதலில் வெட்கம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே யானைக் கொட்டிலுக்குப் போனான்.

மறுநாள் அரண்மனை வாசலில் பெண்யானை நின்றது. ஐயாறன் செப்பேட்டை உரக்க வாசித்தான். அரசர் வாக்கு அப்படியே நிற்கிறது, எல்லை வகுப்பதுதான் பாக்கி என்றான்.

"மருந்துக்கு ஏதய்யா எல்லை?" என்றார் வெண்காடர்.

"நிலத்துக்கு எல்லை, ஏர் போன இடம். மருந்துக்கு எல்லை, அது இறங்கின தொண்டை. உங்கள் மாத்திரை எந்தெந்த வீட்டில் இறங்கியிருக்கிறதோ அவற்றைச் சுற்றி யானை நடக்கும். அதற்கு வெளியே யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்."

அரசர் தலையாட்டினார். யானை கிளம்பியது. மூன்றாம் தெருவோடு நின்று அதன் முனையில் அது திரும்பவிருந்தபோது வெண்காடர் ஓடி வந்து குறுக்கே விழுந்தார். மற்ற இடங்களிலும் மாத்திரை விற்றுவரப் பத்து நாள் தவணை கேட்டார். காய்ச்சல் தவணை கொடுப்பதில்லை என்றான் ஐயாறன். வேண்டுமானால் யானை மெதுவாக நடக்கும், நீங்கள் முன்னால் போகலாம் என்றான்.

அப்புறம் நடந்ததை நெடுங்கரைக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். வெண்காடர் இருந்த மாத்திரையையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். பின்னால் யானை ஆடி அசைந்து வந்தது. விலை பேச நேரமில்லை. கண்ட வீட்டில் நுழைந்து, கண்ட வாயில் போட்டார். காய்ச்சல் இல்லாத ஒரு பொதி வண்டிக்காரன் கொட்டாவி விட்டான், அவன் வாயிலும் ஒன்று விழுந்தது. உப்பளத்துக்குத் திரும்பியிருந்த நாச்சி ஏழு நாள் மாத்திரையையும் குடிசைக்குக் குடிசை எண்ணி வாங்கிக்கொண்டுதான் அவரை விட்டாள். பொழுது சாயும்போது யானை உப்பளத்தையும் சுற்றி வந்துவிட்டது.

எட்டாம் நாள் நாச்சி சபைக்கு வந்தாள். கூடவே அவள் புருஷன், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு. அன்றைக்குப் பிறகு உப்பளத்தில் குழி வெட்டவில்லை என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. ஐயாறனுக்கும் கண் கலங்கியது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

வெண்காடர் மட்டும் செப்பேட்டைத் தட்டினார். "யானை சுற்றின இடமெல்லாம் என்னுடையது. இனி உப்பளத்திலும் ஏழு மாத்திரைக்கு ஒரு மாடு."

அரசர் முகம் வாடியது.

"உங்களுடையதுதான், பண்டிதரே. ஒரு சந்தேகம். மானிய நிலத்தைத் தரிசாகப் போட்டால் என்ன ஆகும்?" என்றான் ஐயாறன்.

"உழ வருகிறவனுக்குப் போய்விடும். இது தெரியாதா உமக்கு?"

"அதுவும் உங்கள் செப்பேட்டிலேயே இருக்கிறது. அடுத்த மழையில் உங்கள் எல்லைக்குள் மாத்திரை கிடைக்காத நோயாளி ஒருவன் இருந்தால், அந்த வாய் தரிசு. ஏர் பூட்ட உப்பளத்து வைத்தியர் தயாராக இருக்கிறார்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ஐயாறனுக்குப் போர்த்தினார்.

வெண்காடர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு நாச்சியின் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

"ஏம்மா, மாடு வேண்டாம். உப்புன்னா, ஆளுக்கு ஒரு படி குடுப்பீங்களா?"

"குடுப்போம், சாமி."

"கொஞ்சம் குவிச்சு அளப்பீங்களா?"