சம்மனசு திரும்புகிற முக்கு

"என் மகன் என்னை விக்கிரகம் கும்பிடுறவன்னு சொல்லிட்டான், சாமி. அவனுக்குக் குடுக்க ஒரு பதில் சொல்லுங்க."

மலையேறி வந்த மூச்சிரைப்போடு தைரியநாதர் இதைச் சொன்னார். வயது அறுபதைத் தாண்டியவர். ஊர்க் கோயிலின் நாட்டாண்மை. மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதரின் சப்பரத்துக்கு முன்வரிசையில் தோள் கொடுக்கும் உரிமை, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அவர் வீட்டுக்குத்தான்.

கேட்டுக்கொண்டிருந்த துறவிக்கு நாற்பதுகூட இருக்காது. மலைமேல் ஒரு குகைக் கெபி, ஒரு குடிசை, ஓர் ஆடு. அவ்வளவுதான் அவர் சொத்து. பங்குச் சாமியார்களோடு ஒத்துப்போகாதவர் என்று பெயர். ஊர்க்காரர்களோடு ஒத்துப்போனார் என்றும் யாரும் சொன்னதில்லை.

"மகன் எங்க இருக்கான், பெரியவரே?"

"கீழத்தெருவுல. அங்க ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு அங்கேயே தங்கிட்டான். இப்ப டவுன்ல ஏதோ ஒரு பாஸ்டர் சபைக்குப் போறான். திருவிழாவுக்காவது வாடா இன்னாசின்னு ஆள் அனுப்பினேன். மரத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்துற கூட்டத்துல எனக்கென்ன வேலைன்னு சொல்லி அனுப்பிட்டான்."

கீழத்தெரு என்பது ஊர் சாதி பார்த்து ஒதுக்கி வைத்த தெரு. இரண்டு பக்கமும் வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள்தான். ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாருக்கும் ஒன்று. கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு.

"பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டானாம் சாமி. நான் இன்னும் முகத்தைப் பார்க்கலை."

 உடனே கோபப்பட்டார்.

"வேதத்தைக் காட்டிப் பேசுறான்! நானும் வேதத்தை வச்சே அவன் வாயை அடைக்கணும். அடைச்சு, வீட்டுக்கு இழுத்துட்டு வரணும்."

"சரி. நீங்க தூக்குற சம்மனசு என்ன?"

"மரம்," என்றார் தைரியநாதர் பட்டென்று. "நாங்க ஒண்ணும் மடையங்க இல்லை. மரம், மேல பெயிண்ட். ஆராதனை கடவுளுக்கு மட்டும். சுரூபம் சும்மா ஒரு ஞாபகத்துக்கு."

துறவி எழுந்தார். கொடியில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து உதறினார். குடிசை வாசலில் பழைய மிக்கேல் சம்மனசு ஒன்று நின்றது. புதுச் சுரூபம் வந்தபோது ஊர் கழித்துப்போட்டது. அதன் இறக்கையில் துண்டைக் காயப்போட்டார்.

தைரியநாதர் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"மரந்தானே சாமி."

துறவி ஆட்டைப் பிடித்து வந்து சம்மனசின் காலில் கட்டினார்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க. அவுத்துக்கிட்டு ஓடிடப் போகுது."

பரீட்சையில் தேறிய பையனைப் போலச் சிரித்தார் பெரியவர்.

"தெளிவாத்தான் இருக்கீங்க," என்றார் துறவி. "அப்போ இந்த வருசம் அந்த மரத்தைக் கீழத்தெரு வழியாத் தூக்கிட்டுப் போங்க."

"ஐயையோ, தீட்டுப்பட்டுடும் சாமி!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

ஆடு துண்டின் ஓரத்தை மென்றது.

"மகன்கிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றார் துறவி.

"என்னன்னு?"

"நீ சொன்னது சரிதான்னு."

தைரியநாதர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கினார். இறங்குகிற வழியெல்லாம் துறவியைத் திட்டினார். இந்த ஆள் துறவியுமில்லை, வேதக்காரனுமில்லை, பெரியவங்களை மதிக்கத் தெரியாத பயல் என்றார். பாதி மலையில் அவருக்கே சலித்துப்போனது. மீதி மலையை வாய் பேசாமல் இறங்கினார்.

திருவிழா வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சப்பரம் கிளம்பியது. பேண்டு வாத்தியம் முன்னால் போனது. முன்வரிசையில் தைரியநாதர்.

கீழத்தெருவுக்குப் பிரிகிற முக்கில் சப்பரம் கொஞ்சம் நிற்பது வழக்கம். அந்தத் தெரு ஆட்கள் மெழுகுவர்த்தியோடு முக்கு வரைக்கும் வந்து கும்பிட்டுக்கொள்ளலாம். பிறகு சம்மனசு முதுகைக் காட்டித் திரும்பிவிடும்.

அன்றைக்கும் நின்றது. திரும்பவில்லை.

"என்னண்ணே, திரும்புங்க," என்றான் பக்கத்தில் தோள் கொடுத்தவன்.

"நேராப் போகணும்."

"நேராப் போனா கீழத்தெருல்ல?"

"தெரியும். பொறந்ததுலருந்து இந்த ஊர்லதான் இருக்கேன்."

"விளையாடாதீங்கண்ணே. சம்மனசுக்குத் தீட்டாயிடும்."

"ஆனா ஆகட்டும்! அந்தத் தீட்டுக்குள்ளதான்டா என் பேரன் நடக்கப் பழகுறான்."

பேண்டு நின்றது. பக்கத்தில் இருந்தவன் தோளை எடுத்தான். பின்னாலிருந்து ஒருவன் எடுத்தான். சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ "சம்மனசே!" என்று அலறினார்கள்.

"போறவன் போங்கடா," என்று கத்தினார் தைரியநாதர். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. "நான் கீழ இறக்க மாட்டேன்."

கீழத்தெரு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெழுகுவர்த்திகளைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு வந்து குனிந்தார்கள். காலியான இடங்கள் நிரம்பின. பெரியவருக்குப் பக்கத்து இடத்துக்கு மட்டும் எவரும் வரவில்லை. நாட்டாண்மையின் தோளோடு தோள் உரச அவர்களுக்கு இன்னும் பயம். அந்தப் பக்கத்துப் பாரமும் அவர் மேல்தான் இறங்கியது. முழங்கால் நடுங்கியது.

வாத்தியம் நின்றதைக் கேட்டு இன்னாசி வீட்டிலிருந்து மனைவியோடு வந்தான். இடுப்பில் குழந்தை. அப்பாவுக்கு இரண்டடி தள்ளி நின்றான். அவருடைய காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கியது. ஆனால் அவனும் தைரியநாதர் மகன்தான், விட்டுக்கொடுக்கிற ரத்தம் இல்லை. குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"இப்பவாவது சொல்லுங்கப்பா. இது மரமா, கடவுளா?"

"கனக்குதுடா," என்றார் தைரியநாதர். "முதல்ல தோள் கொடு."