ஈரல் எந்தப் பக்கம்?

மணலூர்க் கோட்டையை ஆண்ட மாறவேள் மன்னர் நல்லவர்தான், பொறுமைதான் கொஞ்சம் கம்மி. போர்க்களத்தில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்கள் உடம்புக்குள் எது எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ளட்டும் என்று, சபைச் சுவரில் ஒரு படம் எழுதும்படி அரண்மனை வைத்தியர் திருமேனியாரிடம் சொன்னார். அவரும் எழுதினார். ஆளுயரத்துக்கு ஒரு மனிதன், சபையைப் பார்த்து நின்றான். இதயம், இரைப்பை, குடல், ஈரல் எல்லாம் அவனுக்குள் வண்ண வண்ணமாகத் தெரிந்தன.

படத்தின் திரையை விலக்கிய அன்றைக்கே வினை வந்தது. வைத்தியர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சாரங்கர், மன்னருக்கு எதிரே வந்து நின்றார்.

"மன்னா, படத்தின் கீழே 'ஈரல் வலப்பக்கம்' என்று எழுதியிருக்கிறார். பார்த்தால் அது இடப்பக்கம் இருக்கிறது. வலது இடது தெரியாத இவர்தான் நாளைக்குத் தங்கள் விலாக் கட்டியைக் கீறப்போகிறார். கத்தி பக்கம் மாறி இறங்கினால்?"

மன்னர் கை தானாக விலாவுக்குப் போயிற்று. படத்தைப் பார்த்தார். சாரங்கர் சொன்னபடிதான் இருந்தது.

"திருமேனியாரே, இன்றைக்கே ஊரை விட்டுக் கிளம்பும்."

திருமேனியார் விளக்கம் சொல்லலாம்தான். ஆனால் பாதியிலேயே மன்னர் கொட்டாவி விடுவார். முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டார்.

"கிளம்புகிறேன் மன்னா. அதற்குமுன் புது வைத்தியர் ஆசனத்தில் அமர்வதைப் பார்த்துவிடுகிறேன். வைத்தியருக்கு இடம் மன்னரின் வலப்பக்கம்தானே?"

மன்னர் தலையசைத்ததுதான் தாமதம். சாரங்கர் விறுவிறுவென்று படியேறி, மன்னரின் வலக்கைப் பக்கத்து ஆசனத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பக்கம் மாறி உட்கார்ந்துவிட்டீரே," என்றார் திருமேனியார். "நீர் மன்னரைப் பார்த்தபடி நின்றபோது உம் வலக்கை இருந்தது மறுபக்கம் அல்லவா?"

சாரங்கர் ஏளனமாகச் சிரித்தார். "நான் எங்கே நின்றால் என்ன? வலப்பக்கம் என்றால் மன்னருடைய வலப்பக்கம். இதுகூடத் தெரியாமலா வைத்தியம் பார்த்தீர்?"

"தெரிந்துதான் படம் எழுதினேன். சுவரில் நிற்பவனும் நம்மைப் பார்த்துத்தான் நிற்கிறான். அவன் ஈரலை அவனுடைய வலப்பக்கத்தில் வைத்தேன். ஆசனத்துக்கு மட்டும் உடையவர் வலம், ஈரலுக்குப் பார்ப்பவர் வலமா?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மன்னர் படத்தைப் பார்த்தார், தன் வலக்கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு கட்டி வலிக்க வலிக்க, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துத் திருமேனியாருக்குப் போர்த்தினார்.

"நாளைக்கு நீரே கீறும். சாரங்கரே, எழுந்திரும். உம் கணக்கையும் நாம் தள்ளவில்லை. பார்ப்பவருடைய வலப்பக்கத்தில் உமக்கும் ஓரிடம் தருகிறோம்."

அந்தப் பக்கம், அதாவது மன்னரின் இடக்கைப் பக்கம், அவர் வெற்றிலை துப்பும் படிக்கத்தை ஏந்தியபடி கிழவர் முத்தையன் நின்றிருந்தார்.

"முத்தையா, கால் கடுக்கிறது என்றாயே. படிக்கத்தை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்."